குழிகள் யார் கணக்கில்?

அரியலூரிலிருந்து கீழப்பழுவூர், திருமானூர் வழியாக ஏலாக்குறிச்சி அடைக்கல அன்னையின் திருத்தலத்துக்குச் செல்லும் திருப்பயணிகள் ஒரு காட்சியைக் கண்டிருப்பார்கள். சாலையோரம் இரும்புக் கூண்டுக்குள் ஒரு மரக்கன்று நிற்கும். அதன் இலைகளின் பச்சை, சாலைப் புழுதியின் வெண்மைக்குள் மறைந்திருக்கும். அருகே ஓர் அறிவிப்புப் பலகை. எந்தத் திட்டத்தின்கீழ், எந்த ஆண்டில், எத்தனை கன்றுகள் நடப்பட்டன என்று அதில் எழுதியிருக்கும். இந்த மாவட்டத்தின் வேறு பல சாலைகளிலும் இதே காட்சிதான். ஊருக்கு உள்ளே கொஞ்சம் தள்ளிப் போனால் முள்வேலி. வேலிக்கு அப்பால் சுண்ணாம்புக்கல் வெட்டி எடுத்த பள்ளம். பனைமரத்தை உள்ளே நிறுத்தினாலும் அதன் தலை வெளியே தெரியாத அளவுக்கு ஆழமான பள்ளங்களும் உண்டு.

சில மாதங்களுக்கு முன் அந்தப் பக்கத்துத் தேநீர்க் கடை ஒன்றில் அமர்ந்திருந்தபோது, முதிய விவசாயி ஒருவர் அந்தப் பலகையைச் சுட்டிக்காட்டி என்னிடம் கேட்டார்: “ஐயா, நட்ட மரத்துக்கெல்லாம் போர்டு வெச்சிருக்காங்க. வெட்டுன குழிக்கு ஏன் ஒரு போர்டும் வெக்கல?”

பசுமைத் திட்டங்களைப் பற்றி வெளிவரும் கட்டுரைகள், கருத்தரங்குகள், அறிக்கைகள் எவற்றிலும் இந்தக் கேள்விக்கு நான் விடை காணவில்லை. எழுத்தறிவு குறைந்த அந்தப் பெரியவரின் ஒற்றை வாக்கியத்தில், நம் அரசின் பசுமைத் திட்டமிடல் முழுவதற்குமான திறனாய்வு அடங்கியிருக்கிறது என்றே கருதுகிறேன். அவர் கேட்ட கேள்வியை விரித்து எழுதுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கடல் தந்த செல்வம்

பெரம்பலூர், அரியலூர் மண்ணின் வரலாறு மனிதனோடு தொடங்கியதன்று. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பு இப்பகுதியைக் கடல் மூடியிருந்தது. அக்கடலில் வாழ்ந்த சிப்பிகளும் நத்தைகளும் பெயர் மறைந்த எத்தனையோ உயிர்களும் மடிந்து, படிந்து, இறுகிச் சுண்ணாம்புக்கல் ஆயின. பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில், 1940-ஆம் ஆண்டு, நிலவியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்த கல்மரம் இன்றும் கிடக்கிறது. 18 மீட்டர் நீளமுள்ள அம்மரம் ஏறத்தாழ 12 கோடி ஆண்டுப் பழமை உடையது. காரை கிராமத்தின் செம்மண் ஓடைகளிலும் வாரணவாசியின் அருங்காட்சியகத்திலும் அந்தக் கடலின் எச்சங்களைக் காணலாம். உலக நிலவியல் நூல்களில் ‘அரியலூர்’ என்பது ஒரு பாறைத் தொகுதிக்கே பெயராகி நிற்கிறது.

அந்தக் கல்தான் சிமெண்ட் ஆகிறது. 1979-இல் தமிழ்நாடு அரசு சிமெண்ட் நிறுவனம் அரியலூரில் தன் ஆலையைத் தொடங்கியது. பின்னர் தனியார் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. இன்று தமிழகத்தின் வீடுகளுக்கும் பாலங்களுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும், ஏன், நம் ஆலயங்களுக்கும் வேண்டிய சிமெண்டில் பெரும்பகுதி இம்மண்ணிலிருந்து போகிறது. இதை மறுப்பதற்கில்லை. சிமெண்டே வேண்டாம் என்று சொல்லும் தகுதி நம்மில் எவருக்கும் இல்லை. நான் அதைச் சொல்லவும் வரவில்லை.

எடுத்தது கடல் கோடி ஆண்டுகளாகச் சேர்த்த செல்வம். எடுத்தபின் எஞ்சுவது ஒரு பள்ளம். செல்வம் கணக்கில் ஏறுகிறது. பள்ளம் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. நமது முறையீடு இதுவே.

ஐந்து கைகள்

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று கூறுவது பொய்யாகும். 2022-ஆம் ஆண்டு செப்டம்பர் 24-ஆம் நாள் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கப்பட்டது. மாநிலப் பரப்பில் 23.7 விழுக்காடாக உள்ள வன, மரப் பரப்பை 33 விழுக்காடாக உயர்த்துவது அதன் குறிக்கோள். காலநிலை மாற்ற இயக்கம், ஈரநில இயக்கம் ஆகியவையும் தோன்றின. இவற்றை நடத்துவதற்கென்றே பசுமைக் காலநிலை நிறுவனம் ஒன்று அமைக்கப்பட்டது. ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆட்சியரே காலநிலை இயக்கத்தின் பொறுப்பாளர். இந்தியாவின் வேறு மாநிலங்கள் பலவும் எண்ணிப் பார்க்காத ஏற்பாடுகள் இவை, பாராட்டத்தக்கவை.

ஆயினும் அரியலூரில் நின்று பார்க்கிறவர்களுக்கு அரசு ஒரு கையோடு தெரிவதில்லை. ஐந்து கைகளோடு தெரிகிறது. சுரங்கம் தோண்டக் குத்தகை வழங்குகிறது முதற்கை. வெட்டிய ஒவ்வொரு டன்னுக்கும் ராயல்டி எனும் உரிமைத்தொகையைப் பெறுகிறது இரண்டாம் கை. தன் சொந்த நிறுவனத்தின் பெயரால் தானே குழி தோண்டிச் சிமெண்ட் செய்கிறது மூன்றாம் கை. சாலைக்கும் பாலத்துக்கும் குடியிருப்புக்கும் அலுவலகக் கட்டடங்களுக்கும் சிமெண்டை வாங்கிக் குவிக்கிறது நான்காம் கை. இப்போது புதிதாக முளைத்திருக்கும் ஐந்தாம் கை மரக்கன்று நடுகிறது.

இந்த ஐந்தாம் கை செய்வது நற்செயலே. ஆனால் மற்ற நான்கு கைகளோடு அதற்கு அறிமுகமே இல்லை. கன்று நடும் துறைக்குக் குழியைப் பற்றிய அதிகாரம் கிடையாது. குழிக்கு இசைவு தரும் துறைக்குக் கன்றைப் பற்றிய கவலை கிடையாது. சிமெண்ட் வாங்கும் துறைக்கு விலைப்புள்ளியைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படுவதில்லை. வலக்கை செய்வதை இடக்கை அறியாதிருக்கட்டும் என்பது ஈகைக்குச் சொன்ன நெறி; ஆட்சிக்குச் சொன்னது அன்று. ஆட்சியில் இடக்கை செய்வதை வலக்கை அறிந்தே ஆகவேண்டும்.

ஆகவே நான் சொல்ல வருவது ஒன்றே: முதல் நான்கு கைகளைக் கட்டுப்படுத்தாத எந்தப் பசுமைத் திட்டமும் திட்டம் ஆகாது, அது அலங்காரம். நடப்பட்ட கன்றுகளின் எண்ணிக்கையால் அன்று, மூடப்பட்ட அல்லது நீர்நிலையாக மாற்றப்பட்ட குழிகளின் எண்ணிக்கையால் ஒரு பசுமைத் திட்டத்தை அரியலூரில் அளக்க வேண்டும்.

எது பசுமைக் கட்டமைப்பு?

‘பசுமைக் கட்டமைப்பு’ என்னும் சொல் இப்போது அரசு ஆவணங்களில் பெருவழக்காகி இருக்கிறது. சொல் புதிது, பொருள் புதிதன்று. கங்கைகொண்ட சோழபுரத்தைக் கட்டிய முதலாம் இராசேந்திரன், தன் தலைநகரின் அருகே சோழகங்கம் என்னும் பேரேரியை வெட்டினான். தன் வெற்றிக்கு நீரையே தூணாக நாட்டினான் எனத் திருவாலங்காட்டுச் செப்பேடு அதைப் போற்றுகிறது. பொன்னேரி என்று மக்கள் அழைக்கும் அந்த ஏரியைச் சீரமைக்கப்போவதாக 2025-இல் அரசு அறிவித்தது. நல்லது. ஆனால் ஏரி என்பது கரையும் மதகும் மட்டுமா? மேட்டில் விழும் மழை ஓடையாகி, ஓடை வாய்க்காலாகி, ஓர் ஏரி நிரம்பிக் கலிங்கு வழிந்து அடுத்த ஏரிக்குப் போவதுதான் அமைப்பு. ஏரியைத் தூர்வாரிவிட்டு, அதற்கு நீர் கொண்டுவரும் ஓடையைக் குழிக்கும் கல்மேட்டுக்கும் இரையாக்கினால், தூர்வாரிய செலவு யாருக்காக?

இப்பகுதியின் மானாவாரி வேளாண்மை முழுவதும் இந்த ஓடைகளை நம்பியிருக்கிறது. பெரம்பலூரின் கரிசல் மண்ணில் விளையும் சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் பருத்தியும், செந்துறை, ஆண்டிமடம் பக்கத்து முந்திரித் தோப்புகளும் பெருநதிப் பாசனத்தால் வாழ்பவை அல்ல. மழையாலும் கிணற்றாலும் வாழ்பவை. சுரங்கம் நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே போகும்போது, வேலை நடக்கவேண்டுமானால் ஊறும் நீரை இறைத்து வெளியேற்றியே ஆகவேண்டும். இறைக்க இறைக்க, சுற்றியுள்ள கிணறுகளின் நீர் அந்தப் பள்ளத்தை நோக்கிச் சாயும். இது பகையால் நிகழ்வதன்று, நீரின் இயல்பு. இயல்பை அறிந்தவர்கள் அதற்கு முன்னேற்பாடு செய்யவேண்டும் என்பதுதான் திட்டமிடல் என்பதன் பொருள்.

அரசால் முடியாது என்று யாரும் சொல்லவேண்டாம். கரைவெட்டி ஏரியைப் பாருங்கள். புள்ளம்பாடி வாய்க்காலின் நீரை ஏற்கும் இந்த ஏரி 1999-இல் பறவைகள் புகலிடமாக அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ 454 எக்டேர் பரப்புடையது. 2024-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ராம்சர் உடன்படிக்கையின்கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில் இடம்பெற்றது. இமயத்தைக் கடந்து வரித்தலை வாத்துகள் அங்கு வந்து குளிர்காலத்தைக் கழிக்கின்றன. அங்கே உழவரும் நீரைப் பயன்படுத்துகின்றனர், பறவையும் வாழ்கிறது. கரைவெட்டியில் யாரும் புதிதாக எதையும் கட்டி எழுப்பவில்லை. இருந்ததைக் கெடாமல் காத்தார்கள். அரியலூர் மாவட்டத்தின் மிகச்சிறந்த பசுமைக் கட்டமைப்பு எது என்று என்னைக் கேட்டால், அரசு கட்டியது எதையும் அன்று, அரசு கெடுக்காமல் விட்ட கரைவெட்டியைத்தான் காட்டுவேன்.

சட்டம் இருக்கிறது

குழியை மூடச் சட்டத்தில் இடமில்லையோ என்று ஐயுறுவோர் உண்டு. இடம் தாராளமாகவே இருக்கிறது. சுரங்கம் நடத்துவோர் மூடல் திட்டம் ஒன்றைத் தயாரித்து ஒப்புதல் பெறவேண்டும் என்பது 2003 முதல் விதி. சுரங்கம் நடந்துகொண்டிருக்கும்போதே படிப்படியாகச் செய்யவேண்டிய சீரமைப்பு ஒன்று; இறுதியாக மூடும்போது செய்யவேண்டியது மற்றொன்று. இறுதித் திட்டத்தை, மூடுவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே ஒப்புதலுக்குச் சமர்ப்பிக்கவேண்டும் என்று 2017-ஆம் ஆண்டின் விதிகள் கூறுகின்றன. 2020-ஆம் ஆண்டு சனவரி 8-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒருபடி மேலே சென்றது. தோண்டிய நிலத்தில் மீண்டும் புல் வளர்த்து, அதைக் கால்நடை மேயத்தக்கதாக்க வேண்டும் என்பதைக் குத்தகையின் நிபந்தனையாகவே சேர்க்கும்படி நடுவண் அரசுக்கு ஆணையிட்டது.

பணம் இல்லையோ? பணமும் இருக்கிறது. 2015-இல் திருத்தப்பட்ட கனிமச் சட்டம், சுரங்கத்தால் பாதிக்கப்படும் ஒவ்வொரு மாவட்டத்திலும் மாவட்டக் கனிம அறக்கட்டளை ஒன்றை நிறுவியது. அந்த ஆண்டு சனவரி 12-க்கு முன் வழங்கப்பட்ட குத்தகையானால் உரிமைத்தொகையில் 30 விழுக்காடும், பின்னர் ஏலத்தில் வழங்கப்பட்டதானால் 10 விழுக்காடும் அறக்கட்டளைக்குச் சேரவேண்டும். அந்தப் பணத்தில் குறைந்தது 60 விழுக்காட்டைக் குடிநீர், சுற்றுச்சூழல், உடல்நலம், கல்வி போன்ற முதன்மைத் தேவைகளுக்குச் செலவிடவேண்டும் என்று முதல் நெறிமுறை கூறியது. 2024-இல் அது 70 விழுக்காடாக உயர்த்தப்பட்டது.

அதோடு நிற்கவில்லை. கனிமம் உள்ள நிலத்துக்கு வரி விதிக்க மாநிலங்களுக்கு உரிமை உண்டென்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2024 சூலையில் தீர்ப்பளித்தது. அதை ஒட்டித் தமிழ்நாடு இயற்றிய சட்டம் 2025 ஏப்ரல் 4 முதல் நடைமுறைக்கு வந்தது. சுண்ணாம்புக்கல்லுக்கு டன் ஒன்றுக்கு 160 ரூபாய் வரி. ஒரு டன் கல் போன இடத்தில் ஒரு டன் அளவு வெற்றிடம் இருக்கிறது. அந்த வெற்றிடத்துக்கு இப்போது ஒரு விலையும் வந்துவிட்டது. அந்தப் பணம் அரசின் பொதுக் கருவூலத்துக்குப் போகிறது. அதில் எத்தனை ரூபாய் அந்த வெற்றிடத்துக்குத் திரும்பி வரவேண்டும் என்பதை மட்டும் சட்டம் சொல்லவில்லை.

இங்கே ஒரு வேடிக்கையையும் கவனிக்கவேண்டும். கனிம அறக்கட்டளையின் தலைவர் மாவட்ட ஆட்சியர். காலநிலை இயக்கத்தின் பொறுப்பாளரும் மாவட்ட ஆட்சியர். இரு கோப்புகளும் ஒரே மேசைக்கு வருகின்றன. ஐந்து கைகளையும் இணைக்கப் புதிய வாரியமோ ஆணையமோ வேண்டியதில்லை. ஒரே மேசையில் உள்ள இரு கோப்புகளை ஒருங்கே திறந்தால் போதும். திறக்கப்படாதிருப்பதற்குக் காரணம் அறியாமை அன்று, கேட்பாரில்லாமையே.

மறுப்புகளும் விடைகளும்

“ஆலைகள் வேலை தருகின்றனவே” என்பர். உண்மைதான். ஆனால் வேலையைக் கேட்டே போராடவேண்டி வந்த வரலாறும் இங்கு உண்டு. செந்துறை அருகே ஆனந்தவாடியில் அரசு சிமெண்ட் நிறுவனத்தின் சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த குடும்பங்கள், அதற்கு ஈடாக வேலை கேட்டுப் பல்லாண்டுகள் போராடியதை இப்பகுதியினர் அறிவர். தனியார் நடத்தும் ஆலையைப் பற்றிப் பேசும்போது இலாப நோக்கைச் சாடுவது எளிது. அரசே முதலாளியாக இருக்கும் இடத்தில் யாரைச் சாடுவது? அதனால்தான் முதல் எடுத்துக்காட்டு அரசின் சொந்தச் சுரங்கத்திலிருந்து வரவேண்டும் என்கிறேன். 2021-இல் ‘வலிமை’ என்ற பெயரில் அரசு ஒரு சிமெண்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அந்த மூட்டையின் மேல், அது பிறந்த குழி எப்போது மூடப்படும் என்று ஒரு வரி அச்சிடட்டும். வலிமை என்ற பெயருக்கு அதைவிடப் பொருத்தமான விளக்கம் வேறு இருக்கமுடியாது.

“மரம் நட்டால் கரியமில வாயு ஈடாகுமே” என்பர். கணக்கைப் பார்ப்போம். தூய சுண்ணாம்புக்கல் 100 கிலோவைச் சூளையில் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பு எஞ்சும்; 44 கிலோ கரியமில வாயுவாகக் காற்றில் கலக்கும். இது எரிபொருளின் புகை அன்று, அது தனி. கல்லுக்குள்ளேயே கோடி ஆண்டுகளாகப் பூட்டிக் கிடந்த வாயு இது. உலகில் மனிதன் வெளியிடும் கரியமில வாயுவில் 7 முதல் 8 விழுக்காடு சிமெண்டால் விளைகிறது. இதைச் சாலையோரக் கன்றுகளால் ஈடுசெய்ய எண்ணுவது, கடலை எடுத்துவிட்டுக் குடம் நீரைத் திருப்பி ஊற்றுவது போன்றது. நான்காம் கை, அதாவது வாங்கும் கை, இங்கே நிறையச் செய்யலாம். சாம்பலும் உருக்காலைக் கசடும் கலந்த சிமெண்டைக் கேட்டு வாங்கலாம். இடிக்கவேண்டாத கட்டடத்தை இடிக்காதிருக்கலாம். பழைய அலுவலகத்தைப் பழுதுபார்த்துப் பயன்படுத்துவதைவிடப் பசுமையான கட்டடம் உலகில் இல்லை.

“குழியை மூட மண் ஏது?” என்பது மூன்றாவது மறுப்பு. எல்லாக் குழியையும் மண்ணால் மூடவேண்டியதில்லை. 2017-இல் சென்னை வறண்டு தவித்தபோது, மாங்காட்டை அடுத்த சிக்கராயபுரத்தின் கைவிடப்பட்ட கல்குவாரிகளில் தேங்கிய நீரைச் சுத்திகரித்து மாநகருக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். தலைநகரின் தாகத்துக்குக் குழி நீர்த்தேக்கமாகலாம் என்றால், அரியலூரின் தாகத்துக்கு ஏன் ஆகக்கூடாது? கரையைச் சரித்து, படி அமைத்து, ஆடுமாடும் குழந்தைகளும் தவறி விழாதபடி வேலியிட்டு, நீரைச் சோதித்து, வாய்க்காலோடு இணைத்தால் அதுவும் ஓர் ஏரியே.

எடுக்கப்பட்ட நிலம், எழுதப்படாத கணக்கு

குழியாகாமலேயே பறிபோன நிலங்களும் இவ்விரு மாவட்டங்களில் உண்டு. 1990-களில் ஜெயங்கொண்டம் பகுதியில் பழுப்பு நிலக்கரி மின்திட்டத்துக்காகப் பல ஊர்களில் ஆயிரக்கணக்கான ஏக்கர் கையகப்படுத்தப்பட்டது. இழப்பீட்டுக்காக உழவர்கள் நீதிமன்றப் படிகளில் முதுமையடைந்தார்கள். திட்டமோ வரவே இல்லை. கால் நூற்றாண்டு கழிந்தபின் திட்டம் கைவிடப்பட்டு, நிலத்தைத் திருப்பித் தருவதென்று முடிவாயிற்று. பெரம்பலூர் மாவட்டத்துத் திருமாந்துறைப் பகுதியில் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்கென வாங்கப்பட்ட ஏறத்தாழ மூவாயிரம் ஏக்கர் நிலம் பத்தாண்டுகளுக்கும் மேலாக உழவும் இன்றி ஆலையும் இன்றிக் கிடந்தது.

திட்டமிடல் என்றால் என்னவென்று இம்மக்கள் அனுபவத்தால் அறிந்திருக்கிறார்கள். கோப்பு வரும், அளவை வரும், நிலம் போகும். பின்னர் வருவது வரலாம், வராமலும் இருக்கலாம். அதனால்தான் ‘பசுமை’ என்ற பெயரில் வரும் கோப்பையும் அவர்கள் ஐயத்தோடு பார்க்கிறார்கள். அந்த ஐயத்தை அறியாமை என்று இகழ்வது அநீதி.

இந்த மண்ணுக்கு வேறொரு நினைவும் உண்டு. 1956-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆம் நாள், பெருமழையில் மருதையாற்றுப் பாலத்தருகே தூத்துக்குடி விரைவுவண்டி கவிழ்ந்து நூற்று நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். ரெயில்வே அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். பாலத்தைக் கட்டியவர் அவரல்லர். மழையைப் பெய்வித்தவரும் அவரல்லர். ஆயினும், ‘என் பொறுப்பில் நிகழ்ந்தது’ என்றார். பொதுப்பணியின் அறம் என்னவென்று இந்தியாவுக்குக் கற்பித்த இடம் அரியலூர். அதே ஊரில் இன்று ஒரு குழிக்கும் பொறுப்பாளர் பெயர் இல்லை என்பது நமக்குப் பெருமை தருவதன்று.

நமக்குரிய பங்கு

அரசை மட்டும் குறைகூறி முடித்துவிட்டால் இந்தக் கட்டுரை பாதி உண்மையாகிவிடும். திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் ‘இறைவா, உமக்கே புகழ்’ என்னும் சுற்றுமடலை வெளியிட்டபோது, ஏழையின் துன்பத்தையும் மண்ணின் துன்பத்தையும் இரு வேறாகப் பார்க்க மறுத்தார். நம் பங்குகளில் அந்த மடலுக்குக் கருத்தரங்கு நடத்தினோம், மரக்கன்று நட்டோம், நிழற்படம் எடுத்துக்கொண்டோம். நாமும் ஐந்தாம் கையின் வேலையை மட்டுமே செய்தோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டாமா? நம் ஆலய வளாகங்கள் சிமெண்டுத் தளத்தால் மூடப்பட்டு, விழும் மழை ஒரு துளியும் உள்ளே இறங்காமல் தெருவுக்கு ஓடுவதை நாம் கண்டும் காணாமல் இருக்கவில்லையா? தேவைக்கு மேல் பெரிதாகக் கட்டுவதைப் பக்தியின் அளவுகோலாக்கிக் கொள்ளவில்லையா?

செய்யக்கூடியது ஒன்று உண்டு. அதற்கு நிதி வேண்டாம், அனுமதி வேண்டாம். கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: குடியரசு நாள், மார்ச் 22-இல் உலக நீர் நாள், மே நாள், விடுதலை நாள், காந்தியடிகள் பிறந்தநாள், நவம்பர் 1-இல் உள்ளாட்சி நாள். சுரங்கமோ கல்குவாரியோ உள்ள ஒவ்வோர் ஊராட்சியிலும், பொதுநிலையினராகிய நாம் மற்றச் சமயத்துச் சகோதர சகோதரிகளோடு சேர்ந்து எழுந்து நின்று மூன்று கேள்விகளைக் கேட்கலாம்.

நம் ஊர் எல்லையில் உள்ள குழியின் மூடல் திட்டம் எங்கே? அதைத் தமிழில் படித்துக் காட்டுங்கள். நம் மாவட்டக் கனிம அறக்கட்டளைக்கு இதுவரை வந்த பணம் எவ்வளவு, அதில் நம் ஊருக்குச் செலவானது எவ்வளவு? பழைய நில அளவை வரைபடத்தில் உள்ள ஓடைகளும் வாய்க்கால்களும் இன்று எத்தனை எஞ்சியிருக்கின்றன?

விடை வரவில்லையானால் தீர்மானமாக எழுதலாம். தீர்மானத்துக்கும் விடை வரவில்லையானால், 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது.

காலமும் நெருங்குகிறது. ஆலைகளின் சொந்தத் தேவைக்காக 2015-க்கு முன் வழங்கப்பட்ட சுரங்கக் குத்தகைகள், 2030 மார்ச் 31 வரையோ ஐம்பது ஆண்டுகள் நிறையும் வரையோ, இவற்றுள் எது பிந்தியதோ அதுவரை செல்லும் என்பது சட்டம். 2030-இல் முடியும் குத்தகை எதுவாயினும், அந்தச் சுரங்கம் மூடப்படுமானால் இறுதி மூடல் திட்டம் 2028-க்குள் ஒப்புதலுக்குப் போகவேண்டும். கேட்கவேண்டிய நேரம் இதுவே. குத்தகை முடிந்து, கம்பெனி பெயர்ப்பலகை கழன்று, வேலி சரிந்தபின் கேட்டால், பதில் சொல்லக் குழியைத் தவிர வேறு யாரும் அங்கே இருக்கமாட்டார்கள்.

தேநீர்க் கடையில் அந்தப் பெரியவர் கேட்ட கேள்விக்கு அன்று நான் விடை சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். ஐயா, குழிக்குப் பலகை வைக்காததற்குக் காரணம், பலகை வைத்தால் அதில் ஒரு பெயர் எழுதவேண்டும், ஒரு தேதி எழுதவேண்டும், ஒரு தொகை எழுதவேண்டும். அடுத்த கிராம சபையில் அந்தப் பலகையைக் கேட்போம். நீங்களும் வாருங்கள், நாங்களும் வருகிறோம்.